கை ஆடியதா, கையை ஆட்டினானா? எந்த வினையை எங்கே எழுதுவது

உடல் தானாக அசைந்ததா, ஆள் நினைத்து அசைத்தாரா என்று பிரித்துக்காட்ட எழுதுபவர்கள் முதலில் எடுப்பது தன்வினை, பிறவினை இணையைத்தான். உருண்டது, உருட்டினான். கலைந்தது, கலைத்தான், நிகழ்காலத்தில் கலைகிறது, கலைக்கிறான். ஆனால் இந்த இணையை அளவுக்கு மேல் நம்பக்கூடாது. 'குவளையை உடைத்தான்' என்றால் உடையக் காரணம் அவன் என்பது மட்டுமே உறுதி, கைதவறியும் உடைத்திருக்கலாம். மறுபுறம், 'திரும்பினான்' தன்வினைதான், ஆனால் பெரும்பாலும் நினைத்துச் செய்வது.

நோக்கமே இல்லை என்று அடித்துச் சொல்ல, ஆளைக் 'கு' உருபில் நிறுத்துவதுதான் சரி: அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு விக்கல் எடுத்தது. சோதித்துப் பார்ப்பதும் எளிது. 'வேண்டுமென்றே சிரித்தாள்' நிற்கும். 'வேண்டுமென்றே சிரிப்பு வந்தது' நிற்காது. எதிர்மறையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகும்: 'சிரிப்பு வரவில்லை' என்பதில் அவள் விருப்பத்துக்கு இடமில்லை, 'சிரிக்கவில்லை' என்றால் அடக்கிக்கொண்டும் இருக்கலாம். ஒரே குறை, எல்லா அசைவுக்கும் இந்த அமைப்பு வாய்க்காது. தடுக்கி விழுவதை இப்படிச் சொல்ல வழியில்லை.

அங்கே துணைவினை (முதல் வினையோடு ஒட்டிவரும் 'விடு', 'போ', 'கொள்' போன்றவை) உதவும், கவனமாகக் கையாண்டால். 'சிரித்துவிட்டாள்' என்றால் அடக்கியும் மீறிய சிரிப்பாக இருக்கலாம்; 'வேலையை முடித்துவிட்டாள்' வெறும் நிறைவு. 'தூங்கிப்போனான்' தன்னையறியாமல்தான், அதில் குழப்பமில்லை. 'கொள்' இருபுறமும் சாயும்: 'முடி வெட்டிக்கொண்டான்' திட்டமிட்டது, 'காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டான்' விபத்து. வினை ஒன்றே, செயப்படுபொருளும் சூழலும்தான் பொருளை முடிவுசெய்கின்றன.

சில நேரம் இலக்கணத்தை விட்டுவிட்டு வேறு வினையைத் தேடுவதே சுருக்கமான வழி. கண் துடித்தது: அவன் கட்டுப்பாட்டில் இல்லை. இமைத்தான்: இயல்பான அனிச்சை. கண்ணடித்தான்: இதற்குமேல் விளக்கமே வேண்டாம்!

விபத்துச் செய்தியில் இந்தத் தேர்வு வழக்குவரை போகும். 'காரை ஏற்றினார்' என்று படிப்பவர் கொலைநோக்கம் என்றே எடுத்துக்கொள்வார். 'கார் மோதியது' என்றால் ஓட்டியவரே காணாமல் போகிறார். 'அவர் ஓட்டிவந்த கார் மோதியது' என்று எழுதினால் ஆளும் இருப்பார், நோக்கமும் ஏறாது.