ஆயில் கலர்னு சொல்லி தண்ணி கலரை தலையில கட்டிட்டாங்க, ₹2,650 போச்சு. கேக் பாப் (குச்சில சொருகுற கேக் உருண்டை) போடுறவங்க பாத்துக்கோங்க

கையில பிங்க் கறை இன்னும் போகல, அதோடவே டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்லயே கேக் போட்டு குடுக்குறேன். பெரிய ஆளெல்லாம் இல்ல, தெரிஞ்சவங்க, அவங்களுக்கு தெரிஞ்சவங்க, அவ்ளோதான்.

போன வாரம் ஒரு வளைகாப்பு ஆர்டருக்கு உருக்கின வொயிட் காம்பவுண்ட் (வெள்ளை சாக்லேட் மாதிரி ஒண்ணு) ஏறக்குறைய 900 கிராம் மிஞ்சிடுச்சு. தூக்கிப் போட மனசு வருமா, பட்டர் பேப்பர்ல ஊத்தி இறுகினதும் உடைச்சு காத்து போகாத டப்பால போட்டு வெச்சிருந்தேன். அதுல கோகோ பட்டருக்கு பதிலா வேற கொழுப்புதான் இருக்கு, டெம்பரிங் (சூட்டை அளந்து உருக்கி ஆற வெக்கிறது) தொல்லை இல்ல, திரும்ப உருக்கினாலும் நல்லா இறுகும். இந்த ஞாயித்துக்கிழமை பொறந்தநாளுக்கு 50 கேக் பாப், பாதி பிங்க் பாதி நீலம்னு ஆர்டர் வந்துச்சு. சரி, மிஞ்சினதுல கலர் போட்டா முடிஞ்சுதுன்னு கணக்கு போட்டேன். க்ரீம்ல போடுற, தண்ணி கலந்த ஜெல் கலர் இதுக்கு ஆகாது, ஆயில் கலர்தான் போடணும்னு எனக்கு தெரியும். தெரிஞ்சும் ஏமாந்தேன் பாருங்க, அதான் வயித்தெரிச்சல்.

பாண்டில ஒரு பேக்கிங் சாமான் கடை, வாட்ஸப்லயும் விப்பாங்க, பேரு வேணாம். ஒரு தடவைக்கு மூணு தடவ கேட்டேன், இது ஆயில் கலர்தானா, காம்பவுண்ட்ல போடலாமான்னு. அந்தம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாங்க, "அக்கா, நானும் ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு வீட்ல கேக் போட்டவதான், உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா, இது சாக்லேட்டுக்குன்னே வர்ற கலருக்கா, கண்ண மூடிக்கிட்டு போடுங்க." பின்னாடி ஒரு கொழந்த அழுவுற சத்தம் வேற. அந்த சத்தத்துலதான் நான் விழுந்துட்டேன்னு நெனைக்கிறேன். 12 பாட்டில் செட்டு ₹1,980, ஸ்ப்ரிங்கில்ஸ் ₹420, மினுக்குற தூள் ₹250, மொத்தம் ₹2,650 ஜிபேல போட்டுட்டேன். பில்லு கூட கேக்கல.

சனிக்கிழமை ராத்திரி உருண்டையெல்லாம் புடிச்சு, குச்சி முனைய உருக்கினதுல தொட்டு சொருகி, ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு 400 கிராம் காம்பவுண்ட உருக்கினேன். பிங்க் நாலே சொட்டுதான் விட்டேன். கலக்க கலக்க அது ரவை கிண்டுற மாதிரி கெட்டியாவுது, ரெண்டு நிமிஷத்துல கொழுக்கட்டை மாவாட்டம் கரண்டியோட எழுந்து வருது. என் தப்போன்னு ஒரு சின்ன கிண்ணத்துல கொஞ்சம் எடுத்து நீலத்தை விட்டுப் பாத்தேன், அதே கதி. கலர் போடாததுல ஒரு உருண்டைய முக்குனேன், பளபளன்னு வந்துச்சு. அப்போ காம்பவுண்ட் நல்லாதான் இருக்கு, கோளாறு கலர்லதான்.

துளி தண்ணி போதும்ங்க. கொழுப்புக்குள்ள பரவியிருக்குற சர்க்கரையும் பால் பவுடரும் ஈரம் பட்டதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதுக்கப்புறம் எண்ணெய் ஊத்துனாலும் பழையபடி பளபளன்னு முக்குற பதத்துக்கு வர்றது கஷ்டம்.

ராத்திரியே அந்த கடைக்காரம்மாவுக்கு போன் பண்ணேன், எடுக்கல. காலைல எடுத்து "டபுள் பாய்லர்ல ஆவி பட்டிருக்கும்க்கா"ன்னாங்க (கொதிக்கிற தண்ணி மேல கிண்ணம் வெச்சு உருக்குறதுதான் டபுள் பாய்லர்). நான் மைக்ரோவேவ்ல 30 செகண்ட் 30 செகண்டா வெச்சு உருக்கினேன், எந்த ஆவி? உடனே "பழைய காம்பவுண்டா இருக்கும்". அப்புறம் "ஓப்பன் பண்ண பாட்டில் ரிட்டர்ன் இல்லக்கா". அக்கா அக்கான்னவங்க அடுத்த மெசேஜ்ல "மேடம்" ஆக்கிட்டாங்க, அதோட ப்ளாக்.

இதுக்கு நடுவுல பாட்டில கழுவறப்போ ஸ்டிக்கர் ஊறி உரிஞ்சுது. மேல "ஆயில் கலர்"னு ஒட்டிருக்காங்க, கீழ கம்பெனி லேபிள்ல முதல் பொருளே தண்ணி, அடுத்தது கிளிசரின். சாதா ஜெல் கலர்!

ஆர்டர விட முடியாதுல்ல, கிடைச்ச டார்க் காம்பவுண்ட் வாங்கிட்டு வந்து முக்கி, மிச்சமிருந்த வெள்ளைய மேல கோடு கோடா இழுத்து விட்டு குடுத்தேன். அந்த வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா மூஞ்சி சொல்லுச்சு.

நேத்து மாவாட்டம் போனத டப்பால அடைச்சுக்கிட்டு பஸ் ஏறி பாண்டி போனேன். கன்னியகோயில் தாண்டறதுக்குள்ளயே டப்பா கசிஞ்சு பேக்கெல்லாம் பிங்க். கடைல ஒரு பையன்தான் இருந்தான், "ஓனர் இல்லக்கா, சாயந்தரம் வாங்க"ன்னான். சாயந்தரம் வந்தா கடையே பூட்டு. ₹2,650 மேல பஸ் காசும் தண்டம். நான் ஒரு நாள்ல எவ்ளோ சம்பாதிக்கிறேன்னு அவங்களுக்கு தெரியுமா.

இதெல்லாம் எப்டி தவிர்க்கலாம்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், பொண்ணு ஸ்கூல்லேந்து வர நேரம், சீக்கிரம் சொல்லிடறேன். லேபிள்ல முதல் பொருள் தண்ணியோ கிளிசரினோ இருந்தா அது ஆயில் கலர் இல்ல, ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் இருந்தா உரிச்சுப் பாருங்க. எந்த கலரா இருந்தாலும் முதல்ல ஒரு ஸ்பூன் காம்பவுண்ட்ல கலந்து பாத்துட்டு மொத்தத்துல போடுங்க. மினுக்குற தூள்ல "விஷமில்லாதது"ன்னு மட்டும் போட்டிருந்தா அது சாப்பிடுறதுக்கு இல்ல, கைவேலைக்கு (எனக்கு வந்தது அதான், நல்லவேளை புள்ளைங்க சாப்பிடறதுல தூவல). எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு பாதுகாப்பு ஆணையம்) நம்பர் 14 இலக்கம் இருக்கணும். பில்லு வாங்குங்க. ப்ளாக் பண்றதுக்கு முன்னாடியே சாட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. கெட்டியானத தூக்கிப் போடாம சூடான பால் நெறைய ஊத்தி கலக்குனா சாஸ் ஆயிடும், எங்க வீட்ல ரெண்டு நாளா பிரெட்டுக்கு பிங்க் சாஸ்தான்.

1915க்கு (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்) போன் பண்ணி கன்ஸ்யூமர் புகார் குடுத்திருக்கேன், ₹2,650 வந்தா இங்கயே சொல்றேன். அக்கா பையன் போன்ல அந்த கடைக்காரம்மா ஸ்டேட்டஸ் பாத்தேன், இன்னிக்கு காலைல அதே 12 பாட்டில் செட்டு, "ரெண்டே செட்டு பாக்கி"ன்னு போட்டிருக்காங்க.