மட்டக்களப்புக் கோட்டை: கச்சேரி அலுவல் இல்லாவிட்டாலும் போங்கள்

எங்கட ஆட்கள் பலர் புளியந்தீவுக் கோட்டைக்குள் போனது அங்கே இருந்த கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக அலுவலாகத்தான். காணிப் பிரச்சினை, பென்சன், ஏதோ ஒரு கடிதத்துக்கு ஒப்பம் என்று போய், அலுவல் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்திருப்போம், சுற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? ஒருநாள் அதற்கென்றே ஆறுதலாகப் போங்கள்.

உள்ளே போகுமுன் வாசலுக்கு மேலே பாருங்கள், ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பனியான வி.ஓ.சி.யின் (VOC) முத்திரை இருக்கிறது. பிறகு கொத்தளத்தில் ஏறுங்கள். மொத்தம் நான்கு கொத்தளங்கள். வாவியைப் பார்த்தபடி கிடக்கும் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றால் இந்த இடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று தானாக விளங்கும்: இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, படகில் யார் வந்தாலும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

கட்டியது போர்த்துக்கேயர், 1628இல். பத்து வருசம்தான் அவர்கள் கையில் இருந்தது. 1638 மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பல்களோடு வர, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டிப் படையும் சேர்ந்துகொள்ள, கோட்டை விழுந்தது. சில நாட்களிலேயே, மே 23ஆம் திகதி, ராஜாவும் ஒல்லாந்தரும் இங்கே மட்டக்களப்பில் வைத்து உடன்படிக்கை எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் 'ராஜா விரும்பினால்' ஒல்லாந்தர் காவல் நிற்கலாம் என்று ராஜாவின் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியிலோ அந்த நிபந்தனையே இல்லை. அதை வைத்துப் பிறகு எவ்வளவு சண்டை! கரையோரம் முழுக்க கண்டி ராஜாவுக்குக் கிடைக்காமல் போன கதை தொடங்கியது எங்கட ஊரில்தான் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை வாசலிலேயே நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கோட்டை இன்னும் நிற்பதற்கு முக்கிய காரணம் அது சும்மா கிடக்காததுதான் என்பது என் எண்ணம். ஆட்கள் புழங்கினால் கூரை ஒழுகுவது உடனே கண்ணில் படும், யாராவது ஓடு மாற்றுவார்கள். அதனால் புதிய செயலகக் கட்டடம் வந்துவிட்டாலும் கோட்டையைப் பூட்டிப் போடாமல் நூதனசாலையோ வாசிகசாலையோ ஏதாவது ஒன்று உள்ளே நடந்துகொண்டே இருக்கவேண்டும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மேலே நிழல் கிடையாது, அதனால் காலையிலேயே போங்கள், குடையும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். சின்னப் பிள்ளைகள் வந்தால் மதில் ஓரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதிரே காந்திப் பூங்காவில் கொஞ்சம் இருந்துவிட்டு வரலாம்.