காரைக்குடி வெயில்ல செர்ரி வளருமா? வருஷக்கணக்கா வச்சுப் பாத்த அனுபவம்

நம்ம பக்கம் வீட்டுத் தோட்டத்துல செர்ரி வைக்கணும்னு ஆசப்படுறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கடைல டப்பால வர்ற காஷ்மீர் செர்ரி நமக்கு ஆகாது. அந்த மரத்துக்குக் குளிர்காலத்துல 7 டிகிரிக்குக் கீழ நூத்துக்கணக்கான மணி நேரம் குளிர் கிடைக்கணும், அப்பதான் மொட்டே ஒழுங்கா விரியும், இங்க மார்கழிலகூட அந்தக் குளிர் வராது. ஆன்லைன்ல கன்னு கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க. கேக் மேல வைக்கிற சிவப்பு செர்ரி பெரும்பாலும் நம்ம களாக்காய்தான், பாகுல ஊறவச்சு கலர் போட்டது.

எங்க பின்கட்டுத் தோட்டத்துல நிக்கிறது பார்படாஸ் செர்ரி, அசெரோலான்னும் சொல்வாங்க. பேருதான் செர்ரி, குடும்பம் வேற, ஒரு கொட்டைக்குப் பதிலா மூணு விதை இருக்கும். செம்மண்ணு, சித்திரை வெயிலு எல்லாத்தையும் தாங்குது. வைட்டமின் சி எக்கச்சக்கம், 100 கிராம்ல 1000 மில்லிகிராமுக்கு மேலயே இருக்கும்.

பூக்கிறதுல குறையே வைக்காது, ஒரு மழை விழுந்து புதுத் துளிர் வந்துட்டா மரம் பூரா ரோஸ் கலர்தான், ஆனா அத்தனையும் உதிர்ந்து காய் நாலஞ்சுதான் நிக்கும், பலபேர் இங்கதான் வெறுத்துப்போய் மரத்தையே வெட்டிடுறாங்க. உரக்குறைன்னு நினைக்கிறாங்க, விஷயம் அது இல்ல. இதோட சொந்த மண்ணான வெப்பமண்டல அமெரிக்காவுல சென்ட்ரிஸ்னு ஒரு தேனீ உண்டு, பூவுக்கு அடில இருக்க சுரப்பில எண்ணெய் எடுக்க வரும், அப்படியே மகரந்தத்தையும் ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். நம்ம ஊர்ல அந்தத் தேனீ கிடையாது, நம்ம தேனீக்கு எண்ணெய் வேண்டாம், பூவுல தேனும் இல்ல, அப்புறம் எதுக்கு வரும்? முருங்கை பூத்திருந்தா அங்கதான் போகும்.

அதனால கையாலதான் சேத்து விடணும். அன்னைக்கு விரிஞ்ச பூவா பாத்து, காலைல பனி ஈரம் காஞ்சதும், பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷால ஒரு மரத்துப் பூவத் தடவி இன்னொரு மரத்துப் பூ நடுவுல இருக்க சூல்முடில மெதுவா ஒத்தி எடுங்க. தடவின கிளைல காய் குலுங்குறதும் தடவாத கிளை சும்மா நிக்கிறதும் பக்கத்துப் பக்கத்துல பாத்தா அவ்வளவு சந்தோஷமா இருக்கும், பக்கத்து வீட்டு ஆச்சியும் இப்ப அவங்க மரத்துக்கு இதத்தான் செய்றாங்க. மூணு நாலு வாரத்துல பழமாயிடும்.

கன்னு வாங்கும்போது ரெண்டா வாங்குங்க, ரெண்டும் வேற வேற தாய்மரத்துக் கன்னா இருக்கணும், இத நர்சரில அழுத்திக் கேளுங்க. ஒரே மரத்துல போட்ட பதியன்னா ரெண்டும் ஒரே மரம் மாதிரிதான், மகரந்தம் மாத்திப் பிரயோஜனம் இல்ல. தன் மகரந்தத்துலயே கொஞ்சம் காய்க்கிற ரகமும் உண்டு, ஆனா வேற மரத்து மகரந்தம் போட்டா கூடுதலா நிக்கும். குளிர்நாட்டு செர்ரிலயும் இந்தச் சிக்கல் இருக்கு, பிங், லாம்பர்ட்னு ரெண்டு ரகம் உண்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சாலும் ஒண்ணுக்கொண்ணு சேராது. ஒத்த மரமாவே காய்க்கிற ஸ்டெல்லா ரகம் 1968ல கனடால வந்துச்சு, வெளிநாட்டுல தோட்டம் போடுற நம்ம புள்ளைங்க அதத் தேடிப் பாக்கலாம்.

பழம் பறிச்சா ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது, அன்னைக்கே ஜூஸ் அடிச்சு ஃப்ரீசர்ல வச்சிடுவோம். நல்லாப் பழுக்க விட்டா இனிப்பு கூடும், வைட்டமின் குறையும், அதனால பாதிய நிறம் மாறுற பதத்துலயே பறிச்சுடுறது. வெல்லம் போட்டுப் பச்சடி வச்சா அருமையா இருக்கு.

வேரு மேலாப்புலதான் ஓடும், ஆடிக்காத்துக்குச் சாயாம முட்டுக்கொடுக்கணும். நூற்புழுவும் வேர்ல வரும், வேப்பம்புண்ணாக்கு போட்டு மரத்தடி மண்ண இலைச்சருகால நல்லா மூடாக்கு போட்டு மூடுங்க. இளம் இலைல இருக்க ரோமம் சிலருக்கு அரிக்கும், கவாத்து பண்ணும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கோங்க.