நெல்லையில் கார் வேண்டுமா, சைக்கிளும் பஸ்ஸும் ரயிலும் போதுமா?

இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய காரை விற்ற சமயத்தில், அடுத்த கார் எடுப்பதா, இல்லை சைக்கிள், பஸ், ரயில் என்று மாறிவிடுவதா என்று வீட்டில் நிறையப் பேசினோம். கடைசியில் இரண்டாவதைத்தான் எடுத்தோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

வீடு பெருமாள்புரத்தில். எனக்கு வேலை டவுனில், மனைவிக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம், மகளுக்குக் கல்லூரி. எல்லாமே ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். திருநெல்வேலி 1994இல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெருங்கித்தான் கிடக்கின்றன. சென்னையில் இருப்பவருக்கு ஒரு நாள் போய்வரும் தூரம் இங்கே மூன்று நாளைக்கு வரும். இந்தத் தூரம்தான் பின்னால் சொல்லப்போகும் கணக்குக்கே அடிப்படை.

காரில் ஏசி உண்டு, மழையில் நனையவேண்டாம், நாலு பேரும் சாமானும் ஒன்றாகப் போகலாம். சைக்கிளில் பெட்ரோல் மிச்சம், உடம்புக்கும் நல்லது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தாண்டிப் போவோம்.

நேரத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். காலையில் வண்ணார்பேட்டை தாண்டி, 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறி, ஜங்ஷனைக் கடக்கிற வரை கார்க்காரர் எனக்கு முன்னால் போவார், பிறகு நான் அவருக்கு முன்னால் போவேன், மறுபடி அவர் வருவார். ஜங்ஷனில் 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. பஸ்ஸும் லாரியும் காரும் மேலடுக்கில் போகும். கீழடுக்கு சைக்கிள், டூவீலர், நடந்து போகிறவர்கள் என்று எங்களுக்கானது. மேலே பஸ் பின்னால் பஸ்ஸாக நிற்கிற நேரத்தில் கீழே காற்றோட்டமாகப் போய்விடலாம். ரதவீதிக்குள் நுழைந்தபின் பேச்சே இல்லை. வாகையடி முக்கில் காரை எங்கே விடுவது என்று தேடுகிற நேரத்தில் நான் ஆபீசில் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனித் தேரோட்ட சமயத்தில் காரில் வருகிறவர்கள் ஆர்ச்சுக்கு இந்தப் பக்கமே எங்காவது விட்டுவிட்டு நடக்கவேண்டியதுதான்.

வெயில் எப்படி என்று கேட்பார்கள். பாளை கிழக்கே, டவுன் மேற்கே. காலையில் மேற்குப் பார்த்துப் போகிறேன், சாயங்காலம் கிழக்குப் பார்த்துத் திரும்புகிறேன். இரண்டு நேரமும் சூரியன் முதுகில்தான், கண்ணில் அடிக்காது. டவுனில் குடியிருந்து பாளையில் வேலை பார்க்கிறவருக்கு அப்படியே தலைகீழ், பாவம். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து இறங்குகிற மேல்காற்று இருக்கிறதே, அதுதான் உண்மையான எதிரி. காலையில் மிதிக்க மிதிக்க வண்டி நகராது. ஆனால் சாயங்காலம் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், வண்ணார்பேட்டையிலிருந்து முருகன்குறிச்சிக்கு ஏறுகிற லேசான ஏற்றம்கூடத் தெரியாது. சித்திரை, வைகாசியில் மட்டும் நான் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடுவேன். அந்த வெயிலில் வீரம் காட்டுகிற வயது எனக்கு இல்லை.

டவுன் பஸ் பற்றிச் சுருக்கமாக: பாளையிலிருந்து ஜங்ஷன் வழியாக டவுனுக்குப் போகிற தடத்தில் வண்டிக்குக் குறைவில்லை. அரசு பஸ், தனியார் பஸ் என்று மாறி மாறி வரும். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் பஸ் செலவு என்றால் எனக்கு மட்டும்தான். தனியார் பஸ்ஸுக்கும் மினி பஸ்ஸுக்கும் இந்தச் சலுகை இல்லை. என் மனைவி முன்னால் வந்த தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு நிற்பாள், நான் முந்தி வந்ததில் ஏறிவிடுவேன். கிளை ரோடுகளில் கதை வேறு. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டால் அடுத்த பஸ்ஸும் அதன் பின்னாலேயே வந்து நிற்கும். வீடு மெயின் தடத்திலிருந்து தள்ளி இருந்தால் இந்த யோசனையே செல்லாது. அங்கே பஸ்ஸை நம்பிக் காரை விற்காதீர்கள்.

ராத்திரியும் ஒரு சங்கடம். வெளியூர் பஸ்கள் வேய்ந்தான்குளம் புது பஸ்ஸ்டாண்டுக்குத்தான் வரும். மதுரையிலிருந்து நேரம் கழித்து வந்து இறங்கினால் பெருமாள்புரத்துக்காரனான எனக்கு அது பக்கம். டவுன்காரருக்கு ஆட்டோதான்.

ஊரைவிட்டு வெளியே போவதற்கு ரயில் தரும் சௌகரியத்தை நம் ஊர்க்காரர்களே பாதிப்பேர் பயன்படுத்துவதில்லை. திருச்செந்தூர் பாசஞ்சர் பாளையங்கோட்டை ஸ்டேஷனிலேயே நிற்கும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று ஆற்றை ஒட்டியே போய்க் கடல் பக்கம் இறக்கிவிடும். செங்கோட்டை லைனில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி. குற்றாலம் சீசனில் காரில் போகிறவர்கள் ஊருக்குள் நுழைய முடியாமல் நிற்கும்போது, தென்காசியில் இறங்கி பஸ் பிடிக்கிறவர் குளித்துவிட்டே திரும்பியிருப்பார். பாசஞ்சர் வண்டிகள் கம்மி, நேரம் பார்த்துத்தான் கிளம்பவேண்டும் என்பது உண்மை. சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிக்கொண்டு போக எனக்கு ஆசையும் இல்லை, தெம்பும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். என்னை முடிவெடுக்க வைத்தது பெட்ரோல் விலை இல்லை, பராமரிப்பு. அதிலும், கார் ஓடும்போது ஆகிற செலவைவிட நிற்கும்போது ஆகிற செலவு.

காப்பீட்டில் ஐடிவி என்று, வண்டி முழுசாகப் போனால் எவ்வளவு தருவது என்பதற்கு ஒரு மதிப்பு போடுவார்கள். அதற்கு ஒரு தேய்மான அட்டவணை இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அந்த அட்டவணையை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அதில் கிலோமீட்டருக்கு என்று ஒரு கட்டமே கிடையாது. வண்டி அம்பதாயிரம் ஓடினாலும் அயத்துப்போய் ஷெட்டிலேயே கிடந்தாலும் கழிவு ஒன்றுதான். ஏழு லட்ச ரூபாய்க் காருக்கு ஐந்து வருஷத்தில் மூன்றரை லட்சம் போகிறது என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 190 ரூபாய். சாவியைத் தொடாத நாளுக்கும் சேர்த்துத்தான். இன்சூரன்ஸ், சர்வீஸ், கடன் வட்டி எல்லாம் இதற்கு வெளியே. அந்த 190 ரூபாய்க்கு மழை நாளில் யோசிக்காமல் ஆட்டோவைக் கூப்பிடலாம். நாங்கள் கூப்பிடுகிறோம்.

விற்கிற இடத்தில் கிலோமீட்டரைப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் முதலில் வருகிற கேள்வி எந்த வருஷத்து வண்டி, எத்தனாவது ஓனர் என்பதுதான். குறைவாக ஓட்டிப் பத்திரமாக வைத்திருந்தோம் என்று நாம் சொல்வதை வாங்குகிறவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்பதும் பாதிதான் சரி. மூன்று நாலு கிலோமீட்டர் ஓட்டம் இன்ஜினுக்கு ஆகாது. அது முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஈரப்பதமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். ஸ்டார்ட் பண்ண பேட்டரியிலிருந்து எடுத்த கரண்டை ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுப்பதற்குள் வீடு வந்துவிடும். நம் ஊர் தூரத்துக்குப் பெரும்பாலான ஓட்டம் இப்படித்தான். சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்தியோ அது என்று போட்டிருப்பார்கள். எங்களுக்கு எப்போதும் வருஷம்தான் முந்தியது. டயர் பட்டன் தேயாமலே பக்கவாட்டில் வெடிப்பு விட்டது. பிரேக் டிஸ்க்கில் துரு. மழைக்காலத்தில் பானெட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடித்தது. பார்க்க வந்த மெக்கானிக் எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார், “நிப்பாட்டிப் போட்ட வண்டில்லா அண்ணாச்சி, இப்படித்தான் இருக்கும். தெனமும் ஓட்டுனா ஒண்ணும் செய்யாது.” தினமும் ஓட்ட எனக்கு வேலை வேண்டுமே!

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். அந்த நாட்களில் காரும் உதவவில்லை, பஸ்ஸும் ரயிலும் உதவவில்லை. திருச்செந்தூர் ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகுதான் வித்தியாசம். நனைந்த சைக்கிளைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் முடிந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், அந்தச் செலவு சாதாரண முழுக் காப்பீட்டில் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கவேண்டும்.

சைக்கிளுக்குப் பராமரிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஓவராயில் பண்ணிவிடவேண்டும். எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் இருக்கிற கோனைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகளை ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் கொட்டுவார். துணியில் உருட்டித் துடைத்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். “இது ரெண்டும் தேஞ்சிட்டு அண்ணாச்சி, செட்டாவே மாத்திருவோம்” என்பார். புது கிரீஸைக் கப்பில் அப்பி, விரல் நுனியில் கிரீஸைத் தொட்டு ஒவ்வொரு குண்டாக ஒட்டியெடுத்து வரிசையாக வைப்பார். ஒன்றிரண்டு மணி நேர வேலை. புது செட் குண்டு, பிரேக் கட்டை, வால்டியூப், ரிம் கோட்டம் எடுக்கிற கூலி எல்லாம் சேர்த்தாலும் காருக்கு ஒரு ஆயில் பில்டர் சமாச்சாரம்தான் வரும். எல்லாம் என் கண் முன்னால் நடக்கிறது, எதை மாற்றினார் என்று எனக்குத் தெரிகிறது.

இதற்காகவே கியர் சைக்கிள் வேண்டாம் என்பேன். பாளையும் டவுனும் சமதரைதான். கியரும் டிஸ்க் பிரேக்கும் வைத்த வண்டிக்குச் சாமான் தேடி அலையவேண்டும், தொடவே தயங்குகிற கடைக்காரர்களும் உண்டு. சாதாரண வண்டியின் டயரும் டியூபும் சேரன்மகாதேவியில் பஞ்சரானாலும் கிடைக்கும். காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாதவர்கள் லேடீஸ் மாடல் பிரேம் எடுக்கலாம். ஆண்கள் ஓட்டினால் சிரிப்பார்கள் என்ற காலம் போய்விட்டது. கேரியரும் மட்கார்டும் செயின் கவரும் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். வேலைக்குப் போகிற வேட்டிக்கும் பேண்ட்டுக்கும் அது ஒத்துவராது.

ஸ்கூட்டர்? நேர்மையாகச் சொன்னால் நம் ஊரில் காருக்கு உண்மையான போட்டி சைக்கிள் இல்லை, ஸ்கூட்டர்தான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மகள் எடுக்கிறாள். நான் மேலே சொன்ன நின்று தேய்கிற கதை அதற்கும் உண்டு, ஆனால் தொகை சின்னது. சைக்கிள் மிதிக்க மனமில்லாதவர் ஸ்கூட்டரும் ரயிலும் என்று வைத்துக்கொண்டாலே காரை விட்டுவிடலாம். மின்சார ஸ்கூட்டரை நான் வைத்திருந்ததில்லை. அதன் பேட்டரி ஏழெட்டு வருஷம் கழித்து என்ன செலவு வைக்கும் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை.

கார் ஜெயிக்கிற இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகவேண்டும். பொங்கல் பானை, விறகு, ஆச்சி, குழந்தைகள், கோயிலோ உடைமரக் காட்டுக்குள். அன்றைக்கு மச்சினன் குடும்பத்தோடு சேர்ந்து வேன் பிடித்துவிடுகிறோம். ஆச்சிக்கு முட்டுவலி, டவுன் பஸ் படி அவளுக்கு எட்டாது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மாதா மாதம் அழைத்துப் போக ஆட்டோதான். இது சமாளிக்கிற அளவில் இருக்கிறது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவர் வீட்டிலோ, கைக்குழந்தைகள் இரண்டு இருக்கிற வீட்டிலோ இந்தக் கணக்கு எப்படி வரும் என்று நான் வாழ்ந்து பார்க்கவில்லை. அவர்களிடம் போய்க் காரை விற்றுவிடுங்கள் என்று சொல்லவும் மாட்டேன்.

விற்பது என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயம். வண்டியைப் பேர் மாற்றுவதற்கான 29, 30ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஆர்.சி. வாங்கியவர் பேருக்கு மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள். அதோடு, கிளெய்ம் எதுவும் எடுக்காமல் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் இருந்தால் காப்பீட்டுக் கம்பெனியில் அதற்கு ஒரு சான்றிதழ் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் மனம் மாறி வேறு கார் எடுத்தால் அதன் பிரீமியத்தில் கழித்துக்கொள்வார்கள். எங்களுடையது பீரோவில் இருக்கிறது.