மானிட்டர் அடிக்கடி கறுத்துப் போனால் கடைக்குக் கேபிளையும் கொண்டுபோங்கள்: 5,200 ரூபாய் போன கணக்கு

"போர்டு போயிட்டு, மாத்தணும்" என்று சொல்லி 5,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, போர்டைத் தொடாமலே திருப்பிக் கொடுத்த ஒரு கடையைப் பற்றிய எச்சரிக்கை இது. கடை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அந்தக் கடைக்காரரைச் சுற்றிப் போய்விடும். அவர் செய்த வித்தையை யாரும் கவனிக்க மாட்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வித்தையைத்தான்.

பொருள்: 27 இன்ச் கியூஹெச்டி மானிட்டர், அதாவது 2560-க்கு 1440 பிக்சல், ஓடுவது 75 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 75 தடவை படம் புதுப்பிக்கும்). இடம்: குளச்சலில் கடலை ஒட்டிய வீடு. மைனி (அண்ணி) வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் பார்க்கிறார். லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பெரிய திரை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை திரை கறுக்கும், இரண்டு மூன்று வினாடியில் திரும்ப வரும். பவர் விளக்கு அணையாது. லேப்டாப் திரைக்கு ஒன்றும் ஆகாது.

கடையில், "வச்சிட்டுப் போங்கக்கா, பாத்துச் சொல்லுதேன்." மறுநாள் போனில், "மெயின் போர்டு அடிச்சிட்டு. கடல்காத்துல்லா, உள்ள பூரா துரு. புது போர்டு போட்டாத்தான் நிக்கும்." போர்டு 4,500, கூலி 700. பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்று. கடையில் இரண்டு மணி நேரம் கண்முன்னாலேயே ஓட்டிக் காட்டினார்கள்; ஒருதடவை கூடக் கறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் பழைய கதை. போன் செய்தால், "அது வேற கம்ப்ளெய்ன்ட்டா இருக்கும், கொண்டாங்க பாப்போம்."

இந்த மாடலுக்குப் பவர் வெளியே அடாப்டரில் இருப்பதால் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதில் அபாயம் குறைவு. (பவர் கார்டு நேரடியாக மானிட்டருக்குள் போகும் மாடல் என்றால் வீட்டில் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசியாக ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அடிக்கும்.) மூடியை எடுத்ததும் தெரிந்தது இதுதான். போர்டை மூடியிருக்கும் தகரத்தின் மேல் பச்சரிசி மாவு சலித்துத் தூவியதுபோல் தூசி, அதில் ஒரு விரல் தடம் கூட இல்லை. தகரத்தின் நான்கு திருகிலும் கம்பெனியில் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு விரியாமல் இருந்தது. ஸ்பீக்கர் வயருக்கும் தகரத்துக்கும் நடுவே சின்னதாக ஒரு சிலந்தி வலை, அதுவும் அறுபடாமல். பேனலுக்கு, அதாவது படம் காட்டும் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் மேல் ஒட்டிய டேப்பின் ஓரத்தில் தூசி கோடு போட்டு உட்கார்ந்திருந்தது. தகரத்தைக் கழற்றாமல் போர்டு மாற்ற வழியே இல்லை. துரு? பேருக்குக் கூட இல்லை.

அதைவிடப் பெரிய சாட்சியை அவர்களே பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "பழைய போர்டு இந்தாங்க" என்று தந்த போர்டில் இருப்பது ஒரு விஜிஏ, ஒரு டிவிஐ, இரண்டும் பழைய ரகச் சாக்கெட். இந்த மானிட்டரின் முதுகில் இருப்பது இரண்டு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு ஆடியோ. அந்தப் போர்டை இந்த மூடிக்குள் வைத்தால் ஒரு ஓட்டைக்கும் சாக்கெட் நேராக வராது. எந்தக் காலத்து மானிட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்ததோ.

உண்மையான கோளாறு கேபிளில் இருந்தது. ஐந்து மீட்டர் நீளம், எந்தச் சான்றும் இல்லாத ரகம். லேப்டாப் மேசையை ஜன்னலோரம் நகர்த்தியபோது வாங்கிப் போட்டது. ஜன்னல் பக்கம் இருந்த முனையை டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே தகடுகளில் இரண்டு மூன்று பச்சை பூத்திருந்தது. தங்க முலாம் மெல்லியது. செருகிச் செருகி எடுக்கும்போது தேய்ந்து, அடியில் இருக்கும் உலோகத்தில் உப்புக்காற்று ஏறிவிடும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் எந்தக் கேபிளையும் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

கேபிள் கெட்டால் படம் முழுக்கப் போய்விட வேண்டாமா, ஏன் விட்டுவிட்டுக் கறுக்கிறது என்று பலரும் கேட்பார்கள். 1080பி (1920-க்கு 1080 பிக்சல்) 60 ஹெர்ட்ஸில் கேபிள் சுமப்பது வினாடிக்குச் சுமார் 4.5 கிகாபிட். கியூஹெச்டி 60 ஹெர்ட்ஸ் என்றால் 7.2. அதையே 75 ஹெர்ட்ஸாக்கினால் 9 கிகாபிட்டைத் தாண்டும். ஹெச்டிஎம்ஐ 1.4-இன் உச்சமே 10.2 தான். அந்த உச்சத்துக்குப் பக்கத்தில், ஐந்து மீட்டர் நீளத்தில், பச்சை பிடித்த முனையோடு ஓடும்போது சிக்னல் நூலிழையில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு மிக்ஸி ஓடினாலோ, சோக் போட்ட பழைய டியூப்லைட் மினுக்கினாலோ, கேபிளில் கால் இடித்தாலோ மானிட்டருக்குத் தாளம் தப்பிவிடும். மறுபடி பிடிக்க இரண்டு மூன்று வினாடி ஆகும். அந்த நேரம்தான் திரை கறுப்பாகத் தெரிகிறது. மானிட்டர் சாகவில்லை, சிக்னலுக்காகக் காத்திருக்கிறது.

இப்போது கடைக்காரரின் வித்தை புரியும். நாம் மானிட்டரை மட்டும் கொண்டுபோகிறோம். அவர் கடையில் தன் ஒரு மீட்டர் கேபிளைப் போட்டு, தன் பழைய சிபியூவில் 1080பி 60 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறார். கோளாறு வரவே வராது. வராத கோளாறை "சரி செய்து" காட்டுவதைவிட லேசான வேலை உலகத்தில் உண்டா? இரண்டு மணி நேரம் ஓடியதைக் கண்ணால் பார்த்ததால் நமக்கும் சந்தேகம் வருவதில்லை. அதனால் எப்போதும் மானிட்டர், அதன் சொந்த அடாப்டர், வீட்டில் போட்டிருந்த அதே கேபிள், முடிந்தால் அதே லேப்டாப், எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கோளாறை உங்கள் முன்னால் வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். வரவைக்க முடியாதவர் "இதுதான் போயிட்டு" என்று எப்படிச் சொல்லுவார்?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது அரை மணி நேர வேலைதான்.

திரை கறுக்கும் அந்த நொடியில் முதலில் பவர் விளக்கைப் பாருங்கள். விளக்கே அணைந்தால் பவர் பிரச்சினை: அடாப்டர், அதன் முனை, பிளக் பாயின்ட். நிறம் மாறி மஞ்சளாகவோ மினுக்கியோ நின்றால் சிக்னல் வரவில்லை. நிறம் மாறாமல் எரிந்துகொண்டே திரை மட்டும் கறுத்தால் மானிட்டரின் மெனு பட்டனை அமுக்குங்கள். கறுப்புத் திரையில் மெனு பளிச்சென்று வந்தால் பேனலும், அதற்குப் பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் பேக்லைட்டும் நன்றாக இருக்கின்றன. பழி கேபிள், போர்ட், லேப்டாப் பக்கம். மெனுவும் தெரியவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் அல்லது அதை ஓட்டும் சர்க்யூட் போய்விட்டது. அது உண்மையிலேயே கடை வேலை.

இரண்டு வினாடிக்குள் கறுப்பு மறைந்துவிடுகிறதே, மெனு அமுக்க நேரம் எங்கே என்றால் இன்னொரு அடையாளம் இருக்கிறது. மானிட்டரில் திறந்து வைத்த விண்டோக்கள் எல்லாம் லேப்டாப் திரைக்குத் தாவி விழுந்தால், இணைப்பே அறுந்து திரும்ப வந்திருக்கிறது. ஹெச்டிஎம்ஐயில் 19-ஆம் பின் தான் "மானிட்டர் இருக்கிறது" என்று லேப்டாப்புக்குச் சொல்லும் பின். செருகல் தளர்ந்தாலும் துரு பிடித்தாலும் அது கைவிடும். விண்டோக்கள் இடம் மாறாமல் நின்றால் சிக்னல் தரம் அல்லது பேக்லைட்.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 75-இலிருந்து 60-ஆகக் குறையுங்கள். ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். கறுப்பு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ கேபிள்தான் குற்றவாளி என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். மைனி வீட்டில் 60-க்குக் குறைத்ததும் நாளைக்குப் பதினைந்து தடவை என்பது ஒன்றிரண்டாகிவிட்டது. பிறகு இரண்டு மீட்டர் புதுக் கேபிள் போட்டு 75-க்கே ஏற்றியும் கறுப்பு வரவில்லை. கேபிளின் விலை 450 ரூபாய்.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று. அதே கேபிளை டிவியின் செட்டாப் பாக்ஸில் போட்டுப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது" என்று கேபிளை விடுதலை செய்துவிடுவார்கள். செட்டாப் பாக்ஸ் அனுப்புவது 1080 அளவுதான், பாதிச் சுமை. சைக்கிள் போகிற பாலத்தில் லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா? எந்தச் சுமையில் கறுத்ததோ அதே சுமையில்தான் சோதிக்க வேண்டும்.

கேபிள் வாங்கும்போது உறையில் "4கே" என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்ற, ஸ்கேன் செய்யக்கூடிய ஸ்டிக்கர் உறையில் இருந்தால் அது 18 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்ட ரகம். நீளம் இரண்டு மீட்டருக்குள் போதுமானால் அதற்கு மேல் போகாதீர்கள். பழைய முனையைச் சுத்தம் செய்து பார்க்க ஆசை என்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷை நனைத்துத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுச் செருகலாம். குண்டூசியால் சுரண்ட வேண்டாம். மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும்.

கேபிள் இல்லை என்றால் பார்க்க வேண்டியவை இன்னும் சில. மானிட்டர் மெனுவில் "ஆட்டோ இன்புட்" ஆனில் இருந்தால் அது ஹெச்டிஎம்ஐக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் நடுவே தேடிக்கொண்டு கறுக்கும். அணைத்துவிட்டு உங்கள் போர்ட்டை நிலையாகத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் (ரெஃப்ரெஷ் ரேட்டைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். லேப்டாப் திரையும் சேர்ந்து கறுத்தால் டிரைவர் பக்கம் போங்கள்: விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் அந்த நேரத்தில் பதிவாகியிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கினால் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். அதில் உடனே படம் திரும்பினாலும் சந்தேகம் டிரைவர் மேல்தான்.

கறுக்கும் நேரத்தைக் குறித்து வைப்பதும் உதவும். மிக்ஸி போடும்போது, ஃபேன் சுவிட்சைத் தட்டும்போது, பம்ப் செட் ஓடும்போது என்றால் மானிட்டரை வேறு பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். கேட்டால் சிரிப்பீர்கள்: கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியில் இருந்து எழும்போது கிளம்பும் நிலைமின்னூட்டத்திலும் தரம் குறைந்த கேபிள் கறுக்கும். "நான் எந்திச்சாத்தான் போகுது" என்று யாராவது சொன்னால் கேலி செய்யாதீர்கள்.

இதே மானிட்டர் வேலையில் நடக்கும் வேறு இரண்டு ஏமாற்று. ஒன்று, அடாப்டர் மாற்றுவது. ஒரிஜினலில் 19 வோல்ட் 2.1 ஆம்பியர் என்றிருக்கும். திரும்ப வருவது 19 வோல்ட் 1.3 ஆம்பியர் டூப்ளிகேட். பிரைட்னஸ் குறைவாக இருக்கும்வரை ஓடும், கூட்டினால் அணையும். கொடுக்கும் முன் அடாப்டர் ஸ்டிக்கரையும் மானிட்டரின் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, பேக்லைட் போனதற்கு "பேனல் போயிட்டு" என்பது. பேனல் விலை புது மானிட்டர் விலையை நெருங்கும் என்பதால் நாம் "வேண்டாம், வச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டு வருவோம். அவர் சரிசெய்து வேறு ஆளுக்கு விற்பார். டார்ச் சோதனையை நீங்களே செய்திருந்தால் அங்கேயே மடக்கிவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, செய்த வேலைக்கு பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில் இல்லை என்று தயங்க வேண்டாம். ஜிபேயில் பணம் அனுப்பிய விவரம், எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரமாக வைக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். அதற்கு மசியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

மைனி சார்பில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போயிருக்கிறது. கூடவே மூன்று படம்: பெயின்ட் பொட்டு விரியாத திருகு, சிலந்தி வலை, விஜிஏ போர்டு. அந்தப் போர்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இதுபோல் "பழைய போர்டு" என்று எதையாவது பையில் போட்டுத் தந்திருந்தால், அதன் சாக்கெட்டுகளை மானிட்டரின் முதுகோடு வைத்து ஒருதடவை எண்ணிப் பாருங்கள்.