வளரும் ராப் கலைஞருக்கு ஷூர் எஸ்எம்7பி மைக்: ஒரு மதிப்பீடு

ராப் பாடத் தொடங்கும் கலைஞர் ஒருவர், ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையைத் தாங்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே தம் பாடல்களில் பலவற்றைப் படுக்கையறையில் பதிவு செய்து வெளியிட்டுவிடுகிறார் என்பதால், கேட்பவர்கள் மனத்தில் அவருடைய குரல் எப்படிப் பதியும் என்பதில் அவர் வாங்கும் முதல் நல்ல மைக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இடத்துக்கு ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7பி மிகவும் பொருத்தமானது என்பதே என் முடிவு. ஆனால் அது கேட்கும் ஏற்பாடுகளைச் செய்யாதவருக்கு அதன் அருமை தெரியாது.

1973இல் வந்த எஸ்எம்7 மைக்கின் வழியில் 2001இல் வெளியான இது, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு ஒலியை மின்குறியாக மாற்றும் டைனமிக் வகையைச் சேர்ந்தது. மெல்லிய மூச்சையும் தவறவிடாத கண்டென்சர் என்னும் மற்றொரு வகை மைக்கின் நுட்பம், ஒலி எதிரொலிக்காதபடி அமைத்த கூடத்தில் பெரும் வரம். வெறும் சுவர்கள் சூழ்ந்த அறையிலோ அதே நுட்பம் மின்விசிறியின் இரைச்சலையும் எதிரொலியையும் குரலோடு சேர்த்துப் பதிந்துவிடும். எஸ்எம்7பியை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடலாம் என்பதாலும், முன்னிருந்து வரும் ஒலியை ஏற்றுப் பின்புற ஒலியை ஒதுக்கும் கார்டியாய்டு அமைப்பு அதற்கு இருப்பதாலும், அறையின் குறை பாட்டில் அவ்வளவாக ஏறுவதில்லை.

தமிழில் ராப் பாடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எதுகையை அழுத்திச் சொல்லும்போது ‘ப்ப’, ‘த்த’ போன்ற வல்லின இரட்டிப்புகள் அடுத்தடுத்து வெடிக்கும். அந்தக் காற்று மைக்கில் மோதினால் வரியின் கூர்மை கெட்டு ‘பொத்’ என்ற அதிர்வே மிஞ்சும். இதனுடன் வரும் தடித்த காற்றுத் தடுப்பு உறை அதைப் பெருமளவு தணிக்கிறது. மைக்கைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்துப் பாடினால் இன்னும் நல்லது. வாய் நெருங்க நெருங்கக் குரலின் கனம் கூடும் இயல்பும் இதற்கு உண்டு. அதனால் ஒரு டேக்கில், அதாவது ஒருமுறை பாடிப் பதிவதில், நெருங்கியும் அடுத்ததில் விலகியும் நின்றவர், வரிகளுக்கிடையே போடும் சிறு கூவல்களான அட்-லிப்களையும், அதே வரியை மீண்டும் பாடிச் சேர்க்கும் இரட்டைக் குரலையும் அடுக்கும்போது அவை ஒட்டாமல் தனித்தனியே நிற்பதைக் கேட்பார். தூரத்தைக் காக்கும் இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பெறுவது ஒரு கலைஞருக்குப் பெரிய சொத்து என்று நம்புகிறேன். அடித்தொனி மிகுந்த குரலுக்கு, பின்புறமுள்ள சுவிட்சைக் கொண்டு கனத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதன் முதன்மையான சிக்கல் கெய்ன், அதாவது மைக் தரும் மெல்லிய மின்குறியைப் பெருக்க வேண்டிய அளவு. இதன் உணர்திறன் குறைவு என்பதால் சுமார் 60 டெசிபல் சுத்தமான கெய்ன் தேவைப்படுகிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் மலிவானதாக இருந்து, அதை அந்த அளவுக்கு முடுக்கினால் ‘உஸ்’ என்ற இரைச்சல் எழக்கூடும். ராப் குரலுக்கு வழக்கமாகத் தரும் கடும் கம்ப்ரெஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது) அந்த இரைச்சலை மேலும் உயர்த்தி, வரிகளுக்கு இடைப்பட்ட மௌனத்தைக் கெடுத்துவிடும். பின்னணித் தாளமான பீட் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் இது மறைக்க முடியாத குறை. எனவே வலுவற்ற இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் முதலில் அதை மாற்ற வேண்டும், அல்லது இதே மைக்கின் மறுவடிவமாக 2023இல் வந்த எஸ்எம்7டிபியை வாங்க வேண்டும். 18 அல்லது 28 டெசிபல் கூட்டித் தரும் ப்ரீஆம்ப் என்ற பெருக்கி அதன் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்க, மைக் கம்பி வழியே இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவர் தேவை. எஸ்எம்7பியின் எடை முக்கால் கிலோவைச் சற்றுத் தாண்டுவதால் உறுதியான ஸ்டாண்டும் வேண்டும்.

மேடைக்கு இது உரியதன்று. கையில் பிடித்து நடமாடிப் பாடுவதற்கு அதே நிறுவனத்தின் எஸ்எம்58 போன்ற மைக்கே ஏற்றது. அங்கேயும் ராப்பர்கள் பலர் விரும்புவதுபோல் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். பொத்தினால் பின்புற ஒலியை ஒதுக்கும் அமைப்பு செயலிழந்து, ஸ்பீக்கர்கள் கூவத் தொடங்கும்.