நாலு வருசம் உழைத்த வயரும் மூன்று முறை கைவிட்ட பிளக்கும்

போன கிழமை வாட்டு மாடியில் ஏணி போட்டு ஏறி, நெட்வொர்க் வயர் முனையில் வரும் எட்டுப் பின் ஆர்ஜே-45 பிளக் ஒன்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது அடித்தேன். அதே எலெக்ட்ரோனிக் போர்டுக்கு இது மூன்றாவது தடவை. அன்றைக்கே பண்டாரவளைக் கூட்டாளி ஒருவர் போன் எடுத்து, "போர்டுக்குப் போர்டு சிக்னல் கொண்டுபோக என்ன வயர், என்ன பிளக் வாங்கலாம்?" என்று கேட்டார். பதில் நீண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது தலவாக்கலைப் பக்கத் தேயிலை பெக்டரி. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் காற்றின் ஈரம் அறிய ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றியது), உலர்குமிழ் (சுற்றாதது) வெப்பநிலை பார்க்க ஆறு சின்ன போர்டு, கீழே ஒரு பெரிய போர்டு. நடுவில் இரண்டு கம்பியில் சிக்னல் அனுப்பும் ஆர்எஸ்-485 முறை, செக்கனுக்கு 9600 பிட் வேகம், 60 மீட்டர் வயர்.

வயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முழுச் செம்பு கேட்-5இ, அதாவது நாலு முறுக்கிய ஜோடி உள்ள நெட்வொர்க் வயர். ஃபேன் மோட்டர் வயரை ஒட்டியே நாலு வருசமாக ஓடுகிறது. மோட்டர் எடுக்கும் நேரத்தில்கூட வயரால் ஒரு ரீடிங் தவறியதில்லை. முறுக்கிய இரண்டு கம்பியிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும், ரிசீவர் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும், அதற்கு 200 மில்லிவோல்ட் போதும். ஆனால் ஏ, பி என்ற சிக்னல் கம்பி இரண்டும் ஒரே முறுக்கில் வர வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று 3, 4ஆம் பின்களில் கொடுத்தால் அவை வேறு வேறு ஜோடி. மீட்டர் வைத்தால் எல்லாம் சரியென்றே காட்டும், இரைச்சல் மட்டும் உள்ளே வரும். நான் 4, 5இல் சிக்னலும் 7, 8இல் கிரவுண்டும் கொடுத்திருக்கிறேன். கிரவுண்டை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் போர்டுகளின் கிரவுண்டுகள் ஒன்றுக்கொன்று விலகிப்போகும், ரிசீவர் தாங்குவது −7 முதல் +12 வோல்ட் வரைதான். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயரைத் தொடவே வேண்டாம், வளைத்த இடத்தில் ஒடியும்.

பிளக்தான் என் வயிற்றெரிச்சல். ஃபேன் அதிர்வில் தொடுமுனைகள் மயிரிழை அளவு உரசிக்கொண்டே இருக்கின்றன. மெல்லிய தங்கப் பூச்சு தேய்கிறது. தென்மேற்குப் பருவத்தின் மூடுபனியும் பச்சைக் கொழுந்தின் ஈரமும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. விடியற்காலை இரண்டு மணிக்கு ரீடிங் நின்றால், இரவு வேலைக்காரர் தேமாமீட்டரைத் தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டும். கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது.

நியாயமாகச் சொன்னால், ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஒன்றுதான் கெட்டது. மற்ற ஐந்தும் ஒரு நாளும் தொல்லை தரவில்லை. கூட்டாளியின் ஊரில் யூலை, ஆகஸ்டில் காய்ந்த காற்று. அங்கே இந்தப் பிளக் நன்றாகவே உழைக்கக்கூடும்.

இருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். ஸ்குரூ இறுக்கும் பச்சை டெர்மினல் போடுங்கள். எல்விடிஎஸ் என்ற அதிவேக சிக்னல் முறை மாதிரி செக்கனுக்கு நூற்றுக்கணக்கான மெகாபிட் ஓடினால் பிளக்கும் வயரின் 100 ஓம் மின்மறுப்புக்குப் பொருந்த வேண்டும், அங்கே இந்த டெர்மினல் உதவாது. 9600க்கு அந்தக் கவலையே இல்லை.

வருகிற ஞாயிறு பெக்டரி நிற்கும்போது, நல்லாயிருக்கும் அந்த ஐந்து பிளக்கையும் வெட்டப்போகிறேன்.